இருபுறமும் வசை கேட்ட தத்துவ போதகர்



சென்ற மாதத்துச் சந்தை நாளொன்றில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். நம் பங்கைச் சேர்ந்த ஒருவர், பெயர் வேண்டாம், மலைமேல் வீடு வீடாகப் புளி வாங்கிக் கீழ்நாட்டு வியாபாரிகளுக்கு விற்பவர். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர், முன்வரிசையில் முழங்காலிடுகிறவர். அன்று சந்தையிலே, நம் வேதத்தைச் சேராத ஒரு மூதாட்டி, பத்துப் பேர் கூடியிருந்த இடத்தில் இவரைப் பார்த்து, கோயிலில் மார்பில் அடித்துக்கொள்ளும் கைதான் புளி நிறுக்கும்போது தராசுத் தட்டையும் அழுத்துகிறது என்று சொல்லிவிட்டாள். மனிதர் கொதித்துப்போய் அந்திநேரத்தில் என்னிடம் வந்தார். போனது தம் ஒருவருடைய மானம் மாத்திரமன்று, சத்திய வேதத்தின் மானமும் போயிற்று. ஆகையால் சுவாமியே புறப்பட்டு வந்து அந்த ஊர்க் கவுண்டரிடம் முறையிட வேண்டும் என்பது அவர் விண்ணப்பம்.

தராசு சரிதானா என்று கேட்டேன். அதுவா இப்போது பேச்சு என்றார்.

அவரைக் கண்டிக்க எனக்கு அதிக யோக்கியதை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டுக் கோயிலுக்கு வெளியே வந்தவன், மணியடிக்கத் தாமதித்த பீடச்சிறுவனைத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி திட்டினேன். பக்கத்தில் நின்ற ஒரு தாயார், சற்று முன்பு நான் பிரசங்கித்தது யாருக்கு என்று அமைதியாய்க் கேட்டாள். நானும் சும்மா விடவில்லை. கோயில் ஒழுங்கு, பிள்ளைகளின் வளர்ப்பு, குருவின் கடமை என்று ஏழெட்டு நியாயங்களை எடுத்து வைத்தேன். எல்லாம் சரியான நியாயங்களே. அவற்றில் ஒன்றாவது அவள் கேட்ட கேள்விக்கு மறுமொழியாக இல்லை.

ஆகையால் அன்று மாலை புளி வியாபாரியை உட்காரவைத்து, அறிவுரை சொல்லாமல், தத்துவ போதக சுவாமிகளின் சரித்திரத்தைச் சொன்னேன். வேஷதாரி என்ற சொல்லை அவரளவுக்கு வாங்கிக்கொண்டவர் நம் தமிழ்நாட்டுத் திருச்சபையில் வேறொருவர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கும் அதையே சொல்லுகிறேன்.

அவருடைய இயற்பெயர் ராபர்ட் தெ நொபிலி. 1577 ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்தில் பிறந்தார். மோந்தேபுல்சியானோ என்ற ஊரைச் சேர்ந்த பிரபுக் குடும்பம். பாப்பரசர்களோடும் கர்தினால்மாரோடும் உறவுடைய வம்சம். வீட்டாரின் எதிர்ப்பை மீறிச் சேசுசபையில் சேர்ந்து, 1604 இல் லிஸ்பன் பட்டணத்திலே கப்பலேறி, மறுவருஷம் மே மாதம் கோவா வந்திறங்கினார். பின்பு முத்துக்குளித்துறைப் பரதவர் நடுவில் சிறிதுகாலம் தங்கித் தமிழ் படித்து, 1606 நவம்பரில் மதுரை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது.

மதுரையில் அவருக்கு முன்பே ஒரு குருவானவர் இருந்தார். கொன்சாலோ பெர்னாந்தஸ் என்பது அவர் பெயர், போர்த்துக்கல் தேசத்தவர், போர்வீரராயிருந்து பிறகு துறவறம் புகுந்தவர். பதினோரு வருஷமாய் அங்கேயே இருந்து ஒரு பள்ளிக்கூடமும் ஒரு சிறு வைத்தியசாலையும் நடத்திவந்தார். நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனால் அந்தப் பதினோரு வருஷத்தில் மதுரை வாசிகளில் வேதத்தில் சேர்ந்தவர் ஏறக்குறைய யாருமே இல்லை. கடற்கரையிலிருந்து வியாபாரத்துக்காக வந்துபோகும் பரதவக் கிறிஸ்தவர்களுக்குத்தான் அவர் குருவாயிருந்தார்.

காரணத்தைத் தெ நொபிலி விரைவில் கண்டுகொண்டார். போர்த்துக்கீசரை மக்கள் பரங்கிகள் என்றழைத்தார்கள். மாட்டிறைச்சி தின்று, மது குடித்து, குளியாமல் திரிகிறவன் பரங்கி என்பது ஊரார் எண்ணம். நம் வேதத்தில் சேருவதென்றால் பரங்கிக் குலத்தில் சேருவது என்றே அந்நாளில் பேச்சு வழங்கிற்று. பிரசங்கிகளேகூட அந்தச் சொல்லின் பொருளை அறியாமல் அப்படியே பயன்படுத்தினார்கள். இப்படியிருக்க எவன் வருவான்?

ஆகவே மேலதிகாரிகளின் உத்தரவு பெற்றுத் தெ நொபிலி தம் நடை உடைகளை மாற்றிக்கொண்டார். மாகாண அதிபரான லாயெர்சியோ சுவாமியும், கொடுங்கல்லூர் மேற்றிராணியார் பிரான்சிஸ் ரோஸ் ஆண்டவரும் இதற்குத் துணையாயிருந்தார்கள். கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார். தோல் செருப்பை விட்டு மரப் பாதக்குறடு அணிந்தார். மாமிசத்தை நீக்கி நாளுக்கு ஒருவேளை சோறும் கீரையும் பாலும் உண்டார். பெர்னாந்தஸ் சுவாமியின் வீட்டை விட்டுப் பிராமணர் வசிக்கும் பகுதியில் தனியே ஒரு குடிசையில் குடியேறினார். தமிழில் தேர்ந்ததோடு தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். சமஸ்கிருதத்தை அவருக்குப் போதித்த சிவதருமர் என்ற பண்டிதர் பின்னர் தாமே ஞானஸ்நானம் பெற்றார். ஊரார் இவரைத் தத்துவ போதகர் என்றார்கள். நாம் ஞாயிறுதோறும் ஜெபத்திலும் பாட்டிலும் சொல்லுகிற வார்த்தைகள் பல, அவரும் அவருக்குப் பின்வந்தவர்களும் தமிழிலும் வடமொழியிலும் தேடியெடுத்துத் திருச்சபைக்குக் கொடுத்தவை.

இனி வசை தொடங்கிய கதைக்கு வருகிறேன்.

முதல் வசை பக்கத்து வீட்டிலிருந்தே வந்தது. பெர்னாந்தஸ் சுவாமியின் நிலையை நினைத்துப் பாருங்கள். வயதில் மூத்தவர், பதினோரு வருஷம் தனியாய்ப் பாடுபட்டவர். நேற்று வந்த இளைஞன் காவி கட்டிக்கொண்டு, தம்மோடு வெளிப்படையாய்ப் பழகுவதைக்கூட விட்டுவிட்டு, நான் வேறு, அவர் வேறு என்று ஊரார் நினைக்கும்படி நடக்கிறான். ஒரே சபையைச் சேர்ந்த இரண்டு குருக்கள், ஒரே ஊரில் இரண்டு கோயில்கள், இரண்டு வேதங்கள் என்றே சனங்கள் எண்ணுகிறார்கள். 1610 இல் பெர்னாந்தஸ் சுவாமி மேலதிகாரிகளுக்கு முறையீடு எழுதினார். தெ நொபிலி கிறிஸ்தவக் குருவின் அடையாளங்களை மறைக்கிறார்; பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் புதுக் கிறிஸ்தவர்களுக்கு அனுமதிக்கிறார்; அஞ்ஞானத்தை வேதத்துக்குள் நுழைக்கிறார் என்பது அதன் சாரம். பொறாமையும் அதில் கலந்திருக்கலாம். இருந்தாலும் அவர் மனம் நொந்து எழுதினார் என்றே நான் கருதுகிறேன்.

அந்த முறையீடு கடல் கடந்தது. போகிற வழியெல்லாம் பருத்துக்கொண்டே போயிற்று. தெ நொபிலி வேதத்தை மறுதலித்து விக்கிரக ஆராதனைக்காரனாகிவிட்டான் என்று ரோமாபுரியில் பேசிக்கொண்டார்கள். அவருடைய உறவினரும் பெரிய வேத சாஸ்திரியுமான கர்தினால் பெல்லார்மின் அதைக் கேட்டு மனம் உடைந்து கண்டித்து எழுதினார். தாயின் வீட்டிலிருந்தே கல் வந்ததுபோல் ஆயிற்று.

அடுத்த வசை ஊராரிடமிருந்து வந்தது. இந்தச் சந்நியாசியும் பரங்கிதான், வேஷம் போட்டு நம்மை ஏமாற்றுகிறான் என்று மதுரையில் வதந்தி பரவிற்று. புதிதாய் ஞானஸ்நானம் பெற்றவர்கள் நடுங்கினார்கள். உறவினர் அவர்களைத் தள்ளிவைக்கத் துணிந்தார்கள். பாருங்கள், கோவாவிலே இவர் இந்து ஆகிவிட்டார் என்று சொன்னார்கள். மதுரையிலே இவர் பரங்கி என்று சொன்னார்கள். இரண்டு இடத்திலும் இவருக்குக் கொடுத்த பட்டம் ஒன்றே.

அவர் என்ன செய்தார்?

ஓலையொன்றில் எழுதித் தம் வாசலிலே கட்டினார். தாம் பரங்கியல்லர், பரங்கி நாட்டில் பிறந்தவருமல்லர், ரோமாபுரியில் உயர்குலத்தில் பிறந்து துறவு பூண்டவர். தாம் போதிப்பது எல்லா ஜாதியாருக்கும் உரிய வேதம் என்பது அதன் கருத்து. இங்கே நான் கொஞ்சம் நின்று என் மனதில் உள்ளதைச் சொல்லவேண்டும். பரங்கி என்றால் போர்த்துக்கீசன் என்று கொண்டால் அந்த ஓலை முழு உண்மை. ஆனால் மதுரைத் தெருவிலே அந்தச் சொல்லுக்கு அவ்வளவு குறுகிய பொருள் இருந்ததா? ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கும் பொய் சொல்லுவதற்கும் உள்ள பேதத்தைக் குருமடத்தில் எங்களுக்கு நுணுக்கமாய்க் கற்பித்தார்கள். அந்த நுணுக்கத்தை நம் மலையில் சாமை விதைக்கிற ஒரு குடியானவரிடம் போய் விளக்கினால், அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அப்படியானால் சுவாமி மறைத்தது உண்மைதானே என்பார். பெரியவர்களிடத்திலும் பழுது உண்டு. அதை மூடிவைத்துச் சரித்திரம் எழுதினால் நாமும் வேஷம் போடுகிறவர்கள் ஆவோம்.

மேலதிகாரிகளுக்கு அவர் கொடுத்த பதில் வேறு விதமானது. எந்தெந்த வழக்கத்தை ஏன் அனுமதித்தார் என்று ஒவ்வொன்றாய் எடுத்து, நூல் ஆதாரங்களுடன் லத்தீன் மொழியில் விரிவாக எழுதி அனுப்பினார். பூணூலும் குடுமியும் குலத்தையும் கல்வியையும் காட்டும் உலக வழக்கங்கள், வழிபாட்டின் அடையாளங்கள் அல்ல என்பது அவர் வாதம். அந்த எழுத்தில் மென்மை குறைவு. எதிர்த்தவர்களுக்கு இந்நாட்டு நூலறிவு போதாது என்பதை மறைக்காமலே காட்டினார். தாழ்மையுள்ளவர் வாய்மூடி இருக்கவேண்டும் என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். தெ நொபிலி அப்படி இருக்கவில்லை. பொய்யானதைப் பொய் என்றே சொன்னார். கர்தினால் பெல்லார்மின் அவருடைய விளக்கத்தைப் படித்து மனம் தேறி, அதன்பின் அவருக்காகப் பரிந்து பேசுகிறவரானார்.

அப்படியானால் தாழ்மை எங்கே என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தவரையில் அது 1613 க்குப் பின்வந்த வருஷங்களில் இருக்கிறது. புதிதாய் வந்த மாகாண அதிபர் அவருடைய முறையை ஒப்பவில்லை. புதிதாய் ஞானஸ்நானம் கொடுப்பதை நிறுத்தும்படி கட்டளையிட்டார். தெ நொபிலிக்கு அப்போது முப்பத்தாறு வயது. உடலில் பலம், நாவில் மூன்று பாஷைகள், வாசலில் வேதம் கேட்க வருகிற மனிதர்கள். இந்த நிலையில் கையைக் கட்டிக்கொண்டிரு என்று உத்தரவு. தம் பக்கமே நியாயம் இருக்கிறதென்று உறுதியாய் நம்பிய மனிதர் அவர். குலப்பெருமையும் செல்வாக்குள்ள உறவினரும் இருந்தார்கள். சபையை விட்டு வெளியேறித் தனியே ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, என்னைப் புரிந்துகொள்ளாதவர்களே வேஷதாரிகள் என்று பிரசங்கித்திருக்கலாம். அப்படிச் செய்தவர்கள் சரித்திரத்தில் உண்டு. இவரோ கீழ்ப்படிந்தார். மதுரையிலேயே தங்கி, ஏற்கெனவே சேர்ந்தவர்களைக் கவனித்து, படித்து, எழுதிக்கொண்டிருந்தார். வேலை பெரும்பாலும் முடங்கிக் கிடந்தது. வாழ்நாளின் நல்ல பகுதியிலே பல வருஷங்கள் இப்படிப் போயின.

1619 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கோவாவிலே அதிமேற்றிராணியாரின் தலைமையில் விசாரணைக் கூட்டம் கூடிற்று. தெ நொபிலி காவி உடையோடேயே அங்கே போனார். தம் சொந்தச் சபைச் சகோதரர்களே அவரை அந்தக் கோலத்தில் கண்டு முகம் சுளித்தார்கள். கூட்டத்தில் பெரும்பாலோர் அவருக்கு விரோதமாய்ப் பேசினார்கள்; ரோஸ் ஆண்டவரும் வேறு சிலருமே அவர் பக்கம் நின்றார்கள். முடிவு சொல்லும்படி காரியம் ரோமாபுரிக்கு அனுப்பப்பட்டது. மறுபடியும் காத்திருத்தல்.

1623 ஜனவரி 31 ஆந் தேதி பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் தீர்ப்பளித்தார். மூடபக்திக்கு இடமில்லாதபடி சில நிபந்தனைகளோடு, பூணூல், குடுமி, சந்தனம், ஸ்நானம் ஆகியவற்றை அனுமதிக்கலாம் என்பது தீர்ப்பு. தெ நொபிலிக்கு ஜெயந்தான். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. ஏறக்குறைய இதை எழுதுகிறவனுடைய வயது. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே இன்னொரு விஷயமும் இருந்தது; அதை நம் பழைய சரித்திரப் புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லித் தாண்டிவிடுகின்றன. உயர்குலத்தில் பிறந்தவர்கள் தாழ்ந்த குலத்தாரை இகழக்கூடாது, விசேஷமாய்க் கோயிலிலும் தேவதிரவிய அனுமானங்களைப் பெறும்போதும் அவர்களைத் தள்ளக்கூடாது என்று பாப்பரசர் உருக்கமாய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

இங்கேதான் வசையில் உண்மையான பகுதி இருந்தது. உயர்ந்த குலத்தாரைத் தேடிப்போன தத்துவ போதகர், அவர்களுடைய ஜாதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே வாழ்ந்தார். ஏழைக் குலத்தார் அவரைப் பகிரங்கமாய் அணுகமுடியவில்லை. எல்லா ஜாதியாருக்கும் உரிய வேதம் என்று ஓலையில் எழுதியவர் வாசலில் எல்லா ஜாதியாரும் நிற்கமுடியவில்லை. ஜாதி என்பது உலக ஒழுங்கு மாத்திரமே, வேதத்தைத் தொடாது என்று அவர் எண்ணினார். அது தவறான எண்ணம் என்று இன்று திருச்சபை வெளிப்படையாய்ப் போதிக்கிறது.

1623 க்குப் பிறகு அவர் மதுரையை விட்டுப் புறப்பட்டுத் திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம், சேலம் என்று வடக்கே நடந்தார். நம் மலைக்குத் தென்மேற்கே, சேர்வராயன் மலையடிவாரம் வரைக்கும் அந்தக் காவியுடை வந்திருக்கிறது. காலம் செல்லச் செல்ல, தம் முறையில் உள்ள குறை கண்கூடாயிற்று. ஆகவே ஒடுக்கப்பட்ட குலத்தாரிடத்தில் தடையின்றிப் பழகக்கூடிய பண்டாரசுவாமிகள் என்ற குருக்கள் வகுப்பு ஏற்பட்டது. 1640 இல் பல்த்தசார் த கோஸ்தா சுவாமி முதல் பண்டாரசுவாமியானார். பிற்காலத்தில் மதுரை மிஷன் பெருகியதற்குப் பெருங்காரணம் இந்தப் பண்டாரசுவாமிகளே. தம் வழி ஒன்றே வழி என்று தத்துவ போதகர் அடம்பிடித்திருந்தால் இது நடந்திராது. இருந்தும் இரண்டு வகைக் குருக்கள், இரண்டு வகைச் சனங்கள் என்ற பிரிவினை தொடர்ந்தது. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

அதை நீங்கள் அறிவீர்கள். கீழ்நாட்டிலே சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் ஜாதிக்கொரு பக்கம் இருந்ததை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஒரே அப்பத்தை உண்கிறோம் என்று பாடிவிட்டு, செத்தவனைக்கூட ஒரே மண்ணில் புதைக்கமாட்டோம் என்றால், வெளியே நிற்கிறவன் நம்மை என்னவென்று அழைப்பான்? 2016 ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்களைக் குறித்த கொள்கை அறிக்கையொன்றை வெளியிட்டது. தீண்டாமை திருச்சபைக்குள்ளேயே இருக்கிறதென்று ஆயர்களே அதில் ஒப்புக்கொண்டார்கள். அது பாவம் என்றும் சொன்னார்கள். அந்த நாளில் சிலர், நம் அழுக்கை நாமே தெருவில் துவைக்கலாமா என்று என்னிடம் வருத்தப்பட்டார்கள். அழுக்கு ஏற்கெனவே தெருவுக்குத் தெரியும் என்றேன். அந்தக் கிழவி சொன்னது போலத்தான். சந்தை முழுவதற்கும் தெரிந்தது நம் ஆளுக்கு மாத்திரம் தெரியாதிருந்தது.

மலைமேல் நமக்கு அந்த வியாதி குறைவு என்று சிலர் எண்ணலாம். பூசை முடிந்து கோயில் முற்றத்தில் யார் யாருடைய வீட்டுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், யார் குடியாமல் நழுவுகிறார்கள் என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மிச்சக் கதையைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறேன். 1640 இல் மதுரையில் தத்துவ போதகர் சிறைவைக்கப்பட்டார்; உடைமைகள் பறிபோயின. விடுதலையான பின் வயதும் கண்ணோயும் அவரை வாட்டவே, மேலதிகாரிகள் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மயிலாப்பூருக்கு வந்தார். போர்த்துக்கீசரின் குடியிருப்பிலே வசதியாய்த் தங்கியிருக்கலாம். அவர் வெளியே மண்குடிசை ஒன்றில், கூட வந்த சில பிராமணக் கிறிஸ்தவர்களோடு வாழ்ந்தார். கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது. அப்போதும் அதே காவி, அதே ஒருவேளை உணவு. மதுரையிலாவது ஊராரின் மதிப்புக்காக அந்தக் கோலம் என்று சொல்ல இடமிருந்தது. மயிலாப்பூர்க் கடலோரத்தில் கண்தெரியாத கிழவர் யாருக்கு வேஷம் காட்டுவார்? தாம் எழுதிய நூல்களைச் சொல்லச் சொல்லப் பிறர் எழுத, திருத்திக்கொண்டிருந்தார். வேதத்தின்மேல் சுமத்தப்பட்ட பழிகளுக்கு மறுமொழியாக அவர் எழுதிய நூல்களில் தூஷண திக்காரம் என்பதும் ஒன்று. 1656 ஜனவரி 16 ஆந் தேதி, எழுபத்தெட்டு வயதில் இறந்தார். அவரைக் குறித்த வழக்கு அப்போதும் முடியவில்லை. 1704 இல் புதுச்சேரியில் மறுபடி கிளம்பி, 1744 இல் பதினாலாம் ஆசீர்வாதப்பர் கட்டளை பிறப்பிக்கும் வரையில் நடந்தது.

புளி வியாபாரி முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரே கேள்விதான் கேட்டார்: ஞானஸ்நானம் கொடுக்காதே என்று தடுத்த அந்தப் பத்து வருஷமும் அவர் பூசை வைத்தாரா என்று. வைத்தார் என்றேன். எழுந்து, தோத்திரம் சொல்லிவிட்டு, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஊர்க் கவுண்டரிடம் முறையிடுவதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

அடுத்த வாரம் தம் தராசைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிக் கீழே போய், முத்திரையிடுகிற இடத்தில் சோதிக்கக் கொடுத்திருக்கிறார். கிலோவுக்கு நாற்பது கிராம் அவர் பக்கம் சாய்ந்திருந்தது. தட்டை அழுத்தவில்லை என்றுதான் இன்றும் சாதிக்கிறார், நானும் நம்புகிறேன். நாற்பது கிராம் நாற்பது கிராம்தான். இந்த வருஷத்துக் கணக்கைப் பார்த்து, அந்த மூதாட்டிக்கும் இன்னும் ஒன்பது வீடுகளுக்கும் குறைந்த பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தாராம். கிழவி நோட்டை இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டு, மடியில் முடிந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாளாம். இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். பெயரைப் போடாமல் எழுதுங்கள் சுவாமி, எப்படியும் எல்லாருக்கும் தெரியும் என்றார்.